பழங்கற்படி முதல் உருட்டச்சு வரை: திருப்பதி, சித்தூர்ப் பகுதி ஆவணங்களும் படியெடுப்புக் கருவிகளும்

தமிழ்ச் சுவடிப் பதிப்பு வரலாற்றில் ஏடு பெயர்த்தெழுதுதல் குறித்துப் பலவாறு ஆராயப்பட்டுள்ளது. ஏட்டிலிருந்து அச்சுக்கு நூல்கள் வந்த நிலையும் விரிவாகப் பேசப்பட்டுள்ளது. ஆயின் ஏட்டுக்கும் கணினிக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளில், அச்சகத்திற்குச் செல்லாமலே ஓர் ஆவணம் பல படிகளாகப் பெருகிய வழிகள் தமிழாய்வாளர் கவனத்தை மிகுதியும் பெறவில்லை. கோயில் வரலாறு, சமயநிறுவன வரலாறு, நிலவுரிமை ஆகியவற்றை ஆராய்வோர் நாள்தோறும் கையாளுவன இத்தகைய அலுவலகப் படிகளே. அப்படி எவ்வகைக் கருவியால் எடுக்கப்பட்டது என்று அறியாமல் அதனைச் சான்றாகக் கொள்வது, எவர் பெயர்த்தெழுதினார், எந்த ஏட்டைப் பார்த்தெழுதினார் என்று கேளாமலே பாடம் கொள்வதற்கு ஒப்பாகும். திருப்பதி, சித்தூர்ப் பகுதியை நிலைக்களனாகக் கொண்டு இப்பொருளை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

இப்பகுதியைத் தெரிவு செய்தமைக்குக் காரணம் உண்டு. 1801-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பெனியின் ஆட்சிக்கு வந்த வட ஆர்க்காட்டிற்கு 1911 வரை சித்தூரே தலைநகராக விளங்கியது. 1911 ஏப்ரலில் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953-இல் அது ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. வடக்கெல்லைப் போராட்டத்தின் பின்னர், படாஸ்கர் பரிந்துரையின் அடிப்படையில் 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி உள்ளிட்ட பகுதிகள் தமிழகத்துடன் இணைந்தன. 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதியும் தனி மாவட்டமாகியுள்ளது. எல்லை மாறும்போதெல்லாம் அசல் ஓரிடத்திலும் நகல் வேறிடத்திலும் தங்குவது இயல்பு. இப்பகுதி பற்றிய பழைய கடிதங்களைத் தேடுவோர் சித்தூருக்கு மட்டுமன்றி, சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் வட ஆர்க்காடு மாவட்டத் தொகுதிகளுக்கும் செல்ல வேண்டியிருப்பது இதனாலேயாம்.

படி, பிரதி, நகல்

படியெடுத்தலைக் குறிக்கத் தமிழில் மூன்று சொற்கள் அருகருகே வழங்கி வருகின்றன. ‘படி’ தமிழ்ச் சொல். ‘பிரதி’ வடமொழி வழி வந்தது. ‘நகல்’ அரபு மூலத்தது. ‘அசல்’ என்னும் அதன் எதிர்ச்சொல்லும் அவ்வாறே. நவாபு ஆட்சிக் கச்சேரிகளின் வழியே இவையிரண்டும் தமிழிலும் தெலுங்கிலும் வேரூன்றின. இம்மூன்றும் ஒருபொருட் கிளவிகளாகத் தோன்றினும் வழக்கில் வேறுபாடு உண்டு. கல்வெட்டைப் பொறுத்தவரை ‘படி’ என்கிறோம். ஏட்டுக்கும் நூலுக்கும் ‘பிரதி’ என்கிறோம். நீதிமன்றத்தில் கேட்டுப் பெறுவது ‘நகல்’ மட்டுமே. இலக்கண மரபு வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகைப்படுத்தும். அந்நான்கனுள் படியெடுத்தல் இடம்பெறவில்லை. படி எடுப்பவன் நூல் செய்பவன் அல்லன். அவனால் எதுவும் மாறலாகாது என்னும் எதிர்பார்ப்பே இதற்குக் காரணம் எனலாம். அவனால் எவ்வளவு மாறியது என்பதைப் பதிப்பாசிரியர்கள் அறிவர்!

‘படி’ என்னும் சொல்லின் ஆவணப் பொருள் கல்வெட்டுகளிலேயே உறுதிப்படுகிறது. உத்தமசோழன் காலத்தில் செம்பியன் மாதேவியார் திருக்கோடிக்காவல் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தபோது, பழைய கற்களில் சிதறிக் கிடந்த சாசனங்களைப் புதிய சுவரில் மீண்டும் வெட்டுவித்தார். அவ்வாறு வெட்டப்பட்டவை பழங்கற்படி என அக்கல்வெட்டுகளிலேயே குறிக்கப்பட்டுள்ளன. படி எடுத்தபின் பழைய கற்கள் பயனற்றவை என ஒதுக்கப்பட்டன. அசல் அழிந்து, படியே அசலின் அதிகாரத்தைப் பெற்றுவிட்ட நிலை இது. திருமலையிலும் இத்தகைய நிகழ்வு உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் யாதவராயர் காலத்தில் கோயிலின் நடுப்பகுதி புதுப்பிக்கப்பட்டபோது, பழைய சுவர்களிலிருந்த சாசனங்கள் படியெடுக்கப்பட்டு மீண்டும் பொறிக்கப்பட்டன. எழுத்தமைதியைக் கொண்டு காலங்கணிப்போர் இதனை மறத்தலாகாது. செய்தி ஒரு காலத்ததாகவும் எழுத்து மற்றொரு காலத்ததாகவும் இருக்கும்.

கல்லிலிருந்து தாளுக்கு

திருமலை, திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகள் ஆயிரத்திற்கும் மேற்பட்டவை. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை என்பது நாடறிந்த செய்தி. சாது சுப்பிரமணிய சாஸ்திரியார் முதலியோர் முயற்சியால் இவை 1930-களில் தேவஸ்தான வெளியீடுகளாக வரத் தொடங்கின. இவ்வெளியீடுகளுக்கு அடிப்படையாக அமைந்தது மைப்படி முறை.

ஈரமாக்கிய தாளைக் கல்லின்மேல் பரப்பி, தூரிகையால் தட்டி, எழுத்தின் பள்ளங்களுக்குள் அத்தாளைப் பதியவைத்து, பின்னர் மைப்பொதியால் ஒற்றுவர். மேடான பகுதி கறுத்து, எழுத்து வெண்மையாக நிற்கும். 1886-இல் சென்னை அரசின் கல்வெட்டறிஞராக ஹுல்ட்ஷ் பொறுப்பேற்ற பின்னர் இம்முறை தென்னகத்தில் ஒழுங்காகக் கைக்கொள்ளப்பட்டது. அதற்கு முன்னர், காலின் மெக்கன்சி (1754–1821) திரட்டிய சாசனப் படிகள் கண்ணால் கண்டு கையால் எழுதியவை. காவலி வேங்கட போரையா, இலட்சுமையா முதலிய உதவியாளர்கள் ஊரூராகச் சென்று திரட்டியவற்றின் ஒரு பகுதி சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் உள்ளது. அத்தொகுதியின் தெலுங்குக் கைபீதுகள் சிதைந்து வருவதைக் கண்ட சி. பி. பிரௌன் (1798–1884) அவற்றை மீண்டும் பெயர்த்தெழுதச் செய்தார். படியின் படி என இவற்றைக் கூறுதல் பொருந்தும்.

கையெழுத்துப் படிக்கும் மைப்படிக்கும் உள்ள வேறுபாடு அடிப்படையானது. முன்னது படிப்பவரின் அறிவு வழியே வருகிறது. அவர் படிக்க இயலாததை எழுத இயலாது. பின்னது எழுத்தறியாதவர் எடுத்தாலும் எழுத்தைக் காட்டும். பொறிவழிப் படியெடுத்தலின் உயிர்நிலை இதுவேயாகும். தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளை மைசூரிலிருந்து சென்னைக்குக் கொணர வேண்டுமெனச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-இல் ஆணையிட்டது. கல் பொடிந்துவிட்ட இடங்களில் அத்தாள்களே எஞ்சிய மூலம் என்பதை நோக்க, அவ்வழக்கின் இன்றியமையாமை புலப்படும்.

கச்சேரியின் கைகள்

1801-க்குப் பின் திருமலைக் கோயில் நிர்வாகம் கும்பெனியாரின் மேற்பார்வைக்கு வந்தது. 1803-இல் கலெக்டர் ஸ்டிராட்டன் கோயிலின் வரவு, செலவு, வழக்காறுகள் பற்றி அறிக்கை அணியம் செய்தார். வினாவும் விடையுமாக அமைந்த ‘சவால் ஜவாப்’ பட்டியும் அக்காலத்தது. 1821-இல் புரூஸ் என்பவரின் விதித்தொகுப்பு ஏற்பட்டது. 1843-இல் கும்பெனியார் விலகிக்கொள்ள, ஹாதிராம்ஜி மடத்து மகந்து சேவாதாசரிடம் நிர்வாகம் ஒப்படைக்கப்பட்டது. மகந்துகளின் நிர்வாகம் 1933 வரை நீடித்தது.

இந்நாற்பது ஆண்டுக் கும்பெனி ஆட்சியில் சித்தூரிலிருந்து புறப்பட்ட ஒரு கடிதம் எத்தனை முறை எழுதப்பட்டிருக்கும் என எண்ணிப் பார்த்தல் பயன் தரும். முதலில் வரைவு, அடுத்துக் கையொப்பமிடத் தக்க நேர்ப்படி, அலுவலகக் கடிதப் புத்தகத்தில் ஒரு நகல், சென்னை வருவாய் வாரியத்தின் நடவடிக்கைத் தொகுதியில் மற்றொரு நகல், இலண்டன் இயக்குநர்களின் பார்வைக்கு இன்னொன்று. கப்பல் கவிழ்ந்தால் செய்தியும் கவிழும் என்பதனால், இலண்டனுக்குச் செல்லும் கடிதங்களின் படிகள் வெவ்வேறு கப்பல்களில் அனுப்பப்பட்டன. இவை யாவும் குமாஸ்தாக்களும் எழுத்தர்களும் இறகுப் பேனாவால் எழுதியவை. கும்பெனியின் ஆட்சியைத் தாளாட்சி எனில் மிகையாகாது. அத்தாளாட்சியைத் தாங்கிய கைகளுக்குப் பெயரில்லை. ஏடெழுதியவன் தன் பெயரையும், ஊரையும், எழுதி முடித்த நாளையும் இறுதியில் பொறித்தான். கடிதப் புத்தகத்தில் எழுதியவன் பொறிக்கவில்லை.

ஈரத்தாளும் திருகு அழுத்தியும்

நீராவிப் பொறியால் அறியப்பட்ட ஜேம்ஸ் வாட் 1780-இல் கடிதப் படியெடுப்புப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். தம் வணிகக் கடிதங்களை எழுதிச் சலித்தமையே அவரை இதற்குத் தூண்டியது. விரைவில் உலராத தனி மையால் கடிதத்தை எழுதி, ஈரமாக்கிய மெல்லிய தாளை அதன்மேல் வைத்து அழுத்தினால், மையின் ஒரு பகுதி அத்தாளில் ஏறும். எழுத்து இடம்வலமாகத் திரும்பியிருக்கும். தாள் மெல்லியதாதலால் பின்புறமிருந்து நேராகப் படிக்கலாம். அமெரிக்காவில் வாஷிங்டனும் ஜெஃபர்சனும் இப்பொறியைப் பயன்படுத்தினர். 19-ஆம் நூற்றாண்டில் இம்முறையே திருகு அழுத்தியாகவும், மெல்லிய தாள்களைக் கட்டமைத்த நகற்புத்தகமாகவும் வளர்ந்து அலுவலகங்களில் நிலைபெற்றது.

இதனுடன் வேறு சில முறைகளும் தோன்றின. ரால்ஃப் வெட்ஜ்வுட் 1806-இல் கரித்தாளுக்கு, அதாவது இன்றைய கார்பன் தாளின் முன்னோடிக்குக் காப்புரிமை பெற்றார். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அனிலீன் சாயம் வந்தபின், சாயமை எழுத்தைக் கூழ்த்தட்டில் பதித்துத் தாள்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒற்றியெடுக்கும் முறை ஏற்பட்டது. ஒரு முறை பதித்தால் சில பத்துப் படிகள் கிடைக்கும். ஈரம் பட்டால் ஊதா நிறமாகும் காப்பி பென்சிலும் இச்சாயத்தின் வழிவந்ததே. ஊதாச் சாயம் ஒளியில் வெளுக்கும் தன்மையது. இவ்வகைப் படிகள் கோப்பிலிருந்து வெளியே எடுத்து வைக்கப்பட்டால் அழியத் தொடங்கும்.

இங்கு ஒன்று கருதத்தக்கது. வாட்டின் அழுத்தி, கார்பன் தாள், கூழ்த்தட்டு, பின்வந்த மெழுகுத்தாள் ஆகிய எல்லாம் இனி எழுதப்படுவதற்கே பயன்படுவன. முன்னரே எழுதப்பட்டதற்கு அல்ல. தனி மையால் எழுதவேண்டும். அல்லது எழுதும்போதே கீழே கரித்தாள் இருக்கவேண்டும். திருமலைக் கோயிலின் பழங்கணக்குகளையோ ஓலையாவணத்தையோ இக்கருவிகளுள் எதனாலும் படியெடுக்க இயலாது. பழைய ஆவணத்தைத் தொடாமல் அவ்வாறே படியெடுக்க ஒளிப்படம் வரவேண்டியிருந்தது. ஆகவே 19-ஆம் நூற்றாண்டுக் கச்சேரியில் ஆங்கிலக் கடிதம் பொறியால் பெருகும் வாய்ப்பைப் பெற்றது. நாட்டு மொழிப் பழைய ஆவணமோ கையால் மட்டுமே பெயர்த்தெழுதப்பட்டது. ஆங்கில ஆவணங்களின் படிகள் மிகுதியாகவும் நாட்டு மொழி ஆவணங்களின் படிகள் அரிதாகவும் கிடைப்பதற்கு ஆட்சிமொழிக் கொள்கை முதற்காரணம். கருவியின் இயல்பையும் ஒரு துணைக்காரணமாகக் கொள்ளலாம் என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

சட்டம் கண்ட படி

பொறிப்படி சான்றாகுமா என்னும் வினாவுக்கு 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டம் விடை வகுத்தது. ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் வரைந்த அச்சட்டத்தின் 63-ஆம் பிரிவில், சரிநிலையைத் தாமே உறுதிசெய்யும் பொறிமுறைகளால் அசலிலிருந்து எடுக்கப்பட்ட படிகள் இரண்டாந்தரச் சான்று எனக் கூறப்பட்டது. எடுத்துக்காட்டுகளுள் ஒன்று கடிதப் படியெடுப்புப் பொறியையே குறிப்பிட்டது. பொறியால் எடுத்த படியுடன் ஒப்பிடப்பட்ட மற்றொரு படியும், பொறிப்படி அசலிலிருந்து எடுக்கப்பட்டது என மெய்ப்பிக்கப்பட்டால் சான்றாகும். கையால் பெயர்த்த படியிலிருந்து மீண்டும் பெயர்த்தெழுதியது, பின்னர் அசலுடன் ஒப்பிடப்பட்டிருந்தால் சான்று, ஒப்பிடப்படாவிடின் அன்று. 2024 ஜூலை முதல் பாரதிய சாட்சிய அதிநியமம் அச்சட்டத்தின் இடத்தைப் பெற்றிருப்பினும் இப்பாகுபாடு தொடர்கிறது.

சுவடிப் பதிப்பாசிரியர்க்கு இவ்விதி புதிதன்று. ஒப்புநோக்காத படி தனித்து நில்லாது என்பதை உ.வே. சாமிநாதையர் முதலியோர் தம் பதிப்புகளிற் செயலால் காட்டினர். நீதிமன்றம் வேறொரு வகையிலும் சுவடி மரபைப் போற்றியது எனலாம். சான்றிட்ட நகலில் எழுதியவர், ஒப்பிட்டவர் எனத் தனித்தனியே கையொப்பம் இடம்பெறும். விண்ணப்பித்த நாளும் நகல் வழங்கிய நாளும் குறிக்கப்படும். கடிதப் புத்தகத்தில் மறைந்துபோன எழுதியோன் குறிப்பு, நீதிமன்ற நகலில் மீண்டும் தலைகாட்டுகிறது.

திருமலைக் கோயில் நிர்வாகம் பற்றி எழுந்த வழக்குகளைப் படிப்போர்க்கு இது நேரடிப் பயனுடையது. மகந்து பிரயாகதாசர் ஒரு தரப்பினராக அமைந்த வழக்கு 1907-இல் இலண்டன் பிரிவி கவுன்சிலில் முடிவுற்றது. இத்தகைய மேல்முறையீடுகளில் நாட்டு மொழி ஆவணங்கள் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு, அச்சிட்ட வழக்குக் கட்டாக நீதிபதிகள்முன் வைக்கப்பட்டன. அங்கு நீதிபதிகள் படித்தது படியின் மொழிபெயர்ப்பின் அச்சு. அக்கட்டினின்று கோயில் வழக்காறுகளை எடுத்துக்காட்டும் ஆய்வுகள் இந்த இடைநிலைகளைச் சுட்டுவதில்லை. மூலத்தில் நின்ற தமிழ்ச் சொல் யாது என்னும் வினா எழும்போதுதான் இக்குறை புலனாகிறது.

மெழுகுத்தாளும் எழுத்தாணியும்

எடிசன் 1876-இல் தாளில் நுண்துளையிடும் மின்பேனாவுக்குக் காப்புரிமை பெற்றார். ஹங்கேரியில் பிறந்து இலண்டனில் தொழில் நடத்திய டேவிட் கெஸ்டெட்னர் 1881-இல் சைக்ளோஸ்டைல் பேனாவை அமைத்தார். அதன் நுனியில் பற்களுடைய சிறு சக்கரம் இருக்கும். மெழுகு பூசிய தாளில் எழுதினால் சக்கரம் உருண்டு நுண்துளைகளை இடும். அத்துளைகளின் வழியே மை இறங்கி அடித்தாளில் எழுத்தாகும். பின்னர் உருளைப் பொறிகள் வந்தன. சைக்ளோஸ்டைல், ரோனியோ என அலுவலகங்களில் வழங்கிய இதற்கு உருட்டச்சு என்னும் தமிழ்ப்பெயர் பொருத்தமாக அமைந்தது. ஒரு மெழுகுத்தாளிலிருந்து நூற்றுக்கணக்கான படிகள் எடுக்கலாம்.

தமிழ் எழுத்துக்கு முதன்முதலாக இசைந்த அலுவலகப் பொறி இதுவே எனக் கருத இடமுண்டு. யாழ்ப்பாணத்தவரான ஆர். முத்தையாவின் முயற்சியால் தமிழ்த் தட்டச்சுப்பொறி 20-ஆம் நூற்றாண்டிலேயே உருப்பெற்றது. அரசு அலுவலகங்களில் அது பரவ மேலும் காலம் பிடித்தது. மெழுகுத்தாளுக்கோ தட்டச்சு கட்டாயமன்று. இரும்பு முனையுள்ள எழுதுகோல் ஒன்றிருந்தால் எந்த மொழியையும் எழுதலாம். தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் சித்தூர் போன்ற மாவட்டத்தில் இதன் வசதி வெளிப்படை.

எழுத்தாணியால் ஓலையைக் கீறி, கீறிய பள்ளத்தில் கரி தடவி எழுத்தைத் துலக்கிய மரபினர்க்கு, எழுதுகோலால் மெழுகைக் கீறி, கீறிய வழியே மையை இறக்கும் முறை அந்நியமாகத் தோன்றியிருக்க இயலாது. இடர்களும் ஒத்தவை. ஓலை கிழியும் என்று புள்ளியிடாது விட்டனர். மெழுகுத்தாளில் புள்ளியை அழுத்தியிட்டால் துளை பெரிதாகி மை கசியும். மென்மையாக இட்டால் படியில் விழாது. தட்டச்சால் மெழுகுத்தாள் வெட்டுவதில் வேறோர் இடர் உண்டு. மைநாடாவை விலக்கிவிட்டு, எழுத்தச்சு நேரே தாளில் விழுமாறு தட்டுவர். அப்போது சுழியின் உட்பகுதி பெயர்ந்துவிடின் அவ்விடம் கருந்திட்டாகும். றன்னகரத்தையும் டண்ணகரத்தையும் வேறுபடுத்துவது ஒரு சுழியே. அது நிரம்பிவிட்ட படியில் சொற்பொருளே மாறிப்போகலாம். பழைய சுற்றறிக்கைகளிலும் கருத்தரங்கக் கட்டுரைகளிலும் காணும் சில பிழைகளை ஆசிரியரின் பிழை எனக் கொள்ளுமுன் இதனை நினைத்தல் வேண்டும்.

ஒளிநகலுக்குப் பின்

முன்னரே உள்ள ஆவணத்தை உள்ளவாறே எடுக்கும் பொறி 20-ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியில் போட்டோஸ்டாட் வடிவில் வந்தது. அது கறுப்பில் வெள்ளெழுத்தாகப் படியைத் தரும், செலவு மிகுதி. செஸ்டர் கார்ல்சன் 1938 அக்டோபர் 22-இல் உலர்முறை ஒளிநகலை முதன்முதலில் எடுத்துக் காட்டினார். அம்முறையில் அமைந்த 914 என்னும் அலுவலகப் பொறி 1959-இல் வெளிவந்தது. இந்தியாவில் 1983-இல் மோடி ஜெராக்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன்பின் சில ஆண்டுகளில் நீதிமன்ற வாயிலிலும் கல்லூரி வாயிலிலும் ஜெராக்ஸ் கடைகள் பெருகின. நிறுவனத்தின் பெயரே பொருளின் பெயராயிற்று.

ஆயினும் கைப்படி உடனே ஒழியவில்லை. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி, பதிவுக்கு வரும் ஒவ்வோர் ஆவணமும் அதற்குரிய புத்தகத்தில் பெயர்த்தெழுதப்பட வேண்டும். ஆந்திரப் பிரதேசத்தில் 1998-இல் கணினிவழிப் பதிவுமுறை வரும்வரை சார்பதிவாளர் அலுவலகங்களில் இவ்வாறு கையால் பெயர்த்தெழுதும் முறையே இருந்தது. கும்பெனியின் கடிதப் புத்தகத்திற்கும் இப்பதிவுப் புத்தகத்திற்கும் இடையே நூற்றாண்டுகள் கடந்தும் முறை மாறவில்லை. இப்புத்தகங்களில் ஊர்ப்பெயர், குளப்பெயர், நிலப்பெயர் ஆகியன எழுத்தர் செவியுற்றவாறு பதிந்துள்ளன. தமிழ்ப்பெயர்கள் தெலுங்கு எழுத்தில் பெயர்த்தெழுதப்படும்போது ழகரம் தன் வடிவை இழந்து ளகரமாகவோ டகரமாகவோ நிற்கும். இடப்பெயராய்வாளர் அசற்பத்திரத்தையும் பதிவுப் படியையும் இணைத்துப் பார்த்தல் நலம்.

பல்கலைக்கழக ஆய்வேடுகளும் இவ்வரலாற்றில் அடங்குவனவே. 1954-இல் தோன்றிய திருவேங்கடவன் பல்கலைக்கழகமாயினும், தமிழகப் பல்கலைக்கழகங்களாயினும், கணினி வரும்வரை தமிழ் ஆய்வேடு தட்டச்சில் அமைந்தது. ஒரே முறை தட்டி, கார்பன் தாள்களின் உதவியால் நான்கைந்து படிகள் எடுப்பர். தட்டச்சுப் பலகையில் இல்லாத குறிகள், கல்வெட்டு வாசகங்களின் கிரந்த எழுத்துகள், விடுபட்ட அடிகள் ஆகியவற்றை ஒவ்வொரு படியிலும் கையால் தனித்தனியே எழுதி நிரப்பவேண்டும். முதற்படியில் நிரப்பியது நான்காம் படியில் விடுபட்டிருக்கலாம். மங்கிய எழுத்தின்மேல் கையால் வரைந்தபோது வேறெழுத்தாகியிருக்கலாம். தேர்வாளர் படி, நெறியாளர் படி, நூலகப் படி என ஓர் ஆய்வேட்டுக்கே பாடவேறுபாடுகள் ஏற்பட்டமை இவ்வாறாம். இன்று மின்வருடலாகக் கிடைப்பது பெரும்பாலும் நூலகப் படி. அது மேற்படியா, கார்பன் படியா, கார்பன் படியின் ஒளிநகலா என்பது வருடலில் புலப்படாது. நூலக இருப்பேட்டிலேயே இதனைக் குறிக்கும் வழக்கம் ஏற்படுமாயின், அடுத்து அவற்றை மேற்கோள் காட்டுவோர்க்குப் பெருந்துணையாகும்.